குடும்பம்: இல்லை

வரிசையில் தனக்கு முன்னால் ஒன்பது பேர் என்று கோகிலவாணி மூன்றாவது தடவையாக எண்ணினாள். எண்ணினால் குறையாது என்று தெரியாதவள் இல்லை. பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவள். ஒரு ஷாஃப்டை எத்தனை தடவை அளந்தாலும் அது அதே ஷாஃப்ட்தான் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள். இருந்தும் எண்ணினாள், ஏனென்றால் எண்ணாவிட்டால் நாச்சிமுத்துவின் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் குடும்பப் பதிவேட்டை வாசித்துக்கொண்டிருந்தார், கேன்டீன் வரைக்கும் கேட்கிற மாதிரி. பொங்கல் முடிந்து கம்பெனி திறந்த முதல் சனிக்கிழமை காலையில் வருடா வருடம் இது நடக்கும். ஒவ்வொரு தொழிலாளியும் ஜன்னல் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் குடும்பத்தில் யார் யார் என்று பதிவேட்டில் இருப்பதைக் கிளார்க் உரக்க வாசிக்க வேண்டும். தொழிலாளி சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ மாறியும் இது மட்டும் மாறவில்லை. பெரிய முதலாளி காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வார்ப்புக்காரர் செத்துப்போனபோது, பெண்டாட்டி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அண்ணன் பெயர் இருந்ததாம். சேர வேண்டியதெல்லாம் அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்ததாம். அன்றிலிருந்து வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பெரிய முதலாளி சொல்லிவிட்டார். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம் ஒருத்தியை இருபத்தொரு தை மாதம் இந்த ஜன்னல் முன்னால் குறுகி நிற்க வைக்கும் என்று அவர் எங்கே கண்டார். கோகிலவாணி, தர ஆய்வுப் பிரிவு, குடும்பம்: இல்லை. சரி. முதல் மூன்று தடவை அது உண்மை. அதற்கப்புறம் சொன்ன ஒவ்வொரு சரியும் பொய், அதுவும் சாட்சிகளை வைத்துக்கொண்டு சொன்ன பொய். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவது காதில் விழும். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

இந்த வருடம் அப்படிப் போக முடியாது. புதிதாகப் பெயர் சேர்க்கிறவர்கள், சேர வேண்டிய ஆளை நேரில் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது விதி, அதனால் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய பெஞ்சில் மாரீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண்கள் மூன்று பேர். மூன்று பேர் கழுத்திலும் மஞ்சள் மாறாத கயிறு. மாரீஸ் சேலை கட்டியிருந்தாள். மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கோ-கோ சொல்லிக்கொடுக்கிறவள், வருடத்தில் முன்னூறு நாள் டிராக் பேண்ட்டும் விசிலுமாக இருக்கிறவள், காலையில் எழுந்து சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டு நின்றாள். எதற்கு இன்றைக்குச் சேலை என்று கேட்டதற்கு, "உன் கம்பெனிக்கு மொத மொதல்ல வாரேன், ஒரு மட்டு மருவாதி வேணாமா" என்றாள். சாத்தூர்க்காரிக்குப் பதில் எப்போதும் தயாராக இருக்கும். இப்போது இடது காலை நேராக நீட்டி வைத்துக்கொண்டு இருக்கிறாள், மடக்கினால் முட்டி வலிக்கும். ஆபரேஷன் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போனால் ஓட்டத்தை மட்டுமில்லை, மாடிப்படியையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் அவளுக்கே ஒரு காப்பீடு இருந்திருக்கும். இருக்க விட்டார்களா. பி.டி. மேடம் ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, சாயந்திரம் ஸ்கூட்டரில் வந்து கூட்டிக்கொண்டு போகிற பொம்பளை யார் என்று எந்தப் பெற்றோரோ கேட்டார்களாம். தாளாளர் கூப்பிட்டு உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, நீங்க நல்ல டீச்சர்தான் ஆனா என்று ஆரம்பித்தார். சொந்தக் காரணங்களுக்காக என்று மாரீஸே தன் கையால் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். அவள் வாங்கித் தந்த மாவட்டக் கோப்பைகள் ரெண்டும் இன்னும் அங்கே கண்ணாடி அலமாரியில்தான் இருக்கின்றன. கோகிலாவுக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அந்த முட்டிக்குக் கம்பெனி செலவு செய்யும், கோகிலா ஓய்வு பெற்ற பிறகும் இரண்டு பேர் ஆயுசு வரைக்கும் செய்யும். தான் நாளைக்கே லாரிக்கு அடியில் போனாலும் தனக்கு வர வேண்டியது மாரீஸுக்குத்தான் வரும், பதினைந்து வருடமாக முகத்தில் முழிக்காத பொள்ளாச்சி அண்ணனுக்கு இல்லை. லாரி என்று ஏன் நினைக்க வேண்டும், நல்ல நாளும் அதுவுமாக.

எட்டுப் பேர். இதற்கெல்லாம் இடம் கொடுத்தது ஒரே ஒரு வார்த்தை. படிவத்தில் மனைவி அல்லது கணவர் என்று இருந்த இடத்தில் இந்த வருடம் துணை என்று அச்சாகியிருந்தது. யாருக்கும் திடீரென்று ஞானோதயம் வந்துவிடவில்லை. பம்பு வாங்கிக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரன் கம்பெனியில் பங்கும் வாங்கினான், அவன் ஊர் விதிமுறையில் இப்படி ஒரு வரி இருந்தது, அவன் பணத்தோடு சேர்த்து அந்த வரியையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. பர்சனல் மேனேஜர் மீட்டிங்கில் அதை வாசித்துவிட்டு, ஆணுக்கு ஆணோ பெண்ணுக்குப் பெண்ணோ துணையாக இருந்தாலும் செல்லும் என்று சொல்லி ஒரு செருமல் செருமி, "நம்ம கம்பெனில அப்படி யாரும் இல்லீங்க, இருந்தாலும் போட்டு வெச்சுக்கறோம்" என்றார். முன்வரிசையில் உட்கார்ந்து கோகிலா டீ குடித்துக்கொண்டிருந்தாள். புரையேறியது. வியாபாரத்துக்காக வந்தால் என்ன, வந்தது வந்ததுதான் என்று வீட்டில் மாரீஸ் சொன்னாள். படிவத்தைப் போன வாரமே பெட்டியில் போட்டாயிற்று. மூன்று வருடம் ஒரே முகவரியில் இருந்ததற்கு ஒரு சான்று மட்டும் இன்றைக்கு ஜன்னலில் காட்ட வேண்டும். அதற்காக ரேஷன் கார்டு விவரத்தை இ-சேவை மையத்தில் அச்செடுத்து, மடங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நேற்று முழுக்கக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். வரிசையில் வந்து நின்ற பிறகுதான் சும்மா இருக்காமல் அதை எடுத்துப் பார்த்தாள். குடும்பத் தலைவர்: கோகிலவாணி. உறுப்பினர்: மாரீஸ்வரி. உறவுமுறை: சகோதரி. அப்போதிலிருந்து அதை உறைக்குள் வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

சகோதரி. எத்தனை தடவை பார்த்த தாள். மையத்தில் காசு கொடுத்து வாங்கியபோது பார்த்தாள், உறையில் போடும்போது பார்த்தாள். அந்த வார்த்தை கண்ணில் உறுத்தவே இல்லை. வீட்டுக்காரர்களிடம், பால்காரரிடம், கேஸ் ஆபீஸில், ஆஸ்பத்திரியில், பத்தொன்பது வருடம் சொல்லிச் சொல்லி அது சொந்தப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்புப் பெயிண்ட் வைக்கிறவள், தன் வீட்டுத் தாளில் இவ்வளவு பெரிய பொய்யைப் பாஸ் பண்ணி அனுப்பியிருக்கிறாள். ஒரே முகவரியில் இருந்ததற்கு அவர்களிடம் இருக்கிற எல்லாச் சான்றும் அவர்களை அக்கா தங்கச்சி என்றுதான் சொல்லும். அக்கா தங்கச்சியைக் கம்பெனி குடும்பத்தில் சேர்க்காது. அக்கா தங்கச்சி துணையாகவும் முடியாது. இதைச் சொன்னால் மாரீஸ் சிரிப்பாள். முதல் வீடு பார்க்கப் போன அன்றைக்கும் இப்படித்தான் ஆயிற்று. இனிஷியல் வேறு வேறாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால் சின்னம்மா பொண்ணு என்று சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஏழெட்டுத் தடவை ஒப்பித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்காரம்மா ராஜாமணி கேட்டதும், பதற்றத்தில் மாரீஸ், "மாமா பொண்ணுங்க" என்றாள். மாமன் மகள் என்றால் கட்டிக்கொள்கிற முறை. ராஜாமணியம்மாள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமன் மவளா, அப்ப ஒருத்தி பையனா பொறந்திருந்தாக் கட்டி வெச்சிருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அவளே, அக்கா தங்கச்சின்னே இருந்துக்குங்க, அதுதான் நல்லது என்றாள். ரேஷன் கார்டுக்கு வந்து விசாரித்த ஆளிடமும் அவளேதான் சொல்லி எழுத வைத்தாள். அந்தம்மாவுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா, இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. இப்போது அதுவா முக்கியம். தாளை உறைக்குள் திருப்பி வைத்தாள். வரிசையை விட்டு விலகிவிடலாம். அளவு பார்க்கிற கேஜைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த வருடத்துக்குள் கார்டைத் திருத்திவிடலாம். எந்த ஆபீஸில் போய் என்னவென்று சொல்லித் திருத்துவது. அந்த முட்டி அடுத்த வருடம் வரைக்கும் காத்திருக்குமா. "ஏனுங்க அம்மிணி, உங்களுக்குத்தான் சுருக்கா முடிஞ்சுருமே, இல்லைங்கறது ஒத்த வார்த்தைதான்" என்று பின்னால் இருந்து சென்னியப்பன் சொன்னார். ஃபவுண்டரிக்காரர், நல்ல மனிதர், கேலியாகச் சொல்லவில்லை. அவர் பட்டியல் நீளம், பேரன் பேத்தி வரைக்கும் போகும். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். இந்தச் சிரிப்பையும் இருபத்திரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒத்த வார்த்தைதான், ஆனால் அது எவ்வளவு வேலை வாங்கியிருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் ஷிஃப்டை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தால் எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பும். உங்களுக்கென்ன மேடம், குடும்பமா குட்டியா. மாரீஸ் வீட்டில் அதிரசத்துக்கு மாவு பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ராஜ்கோட் கிளைக்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் எழுதுகிற பெயர் இவளுடையது. போனால் பதவி உயர்வு, வீடு, எல்லாம். முதல் தடவை கேட்டபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வாயில் வந்துவிட்டது. அம்மா செத்து அப்போது நாலு வருடம். போன உயிரைக் கூப்பிட்டு வந்து இரண்டு வருடம் படுக்கையில் போட்டு வைத்திருந்தாள், டிபார்ட்மென்டில் எல்லாரும் சேர்ந்து ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக் கொடுத்தார்கள், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு பேருமாகக் குடித்தார்கள், முதல் டம்ளரைக் குடிக்கும்போது அவள் அழுதாள், மாரீஸ், "உங்கம்மா உசுரோட இருந்தா நம்மள இப்பிடி உக்காந்து குடிக்க விட்டிருக்குமா" என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். இரண்டாவது தடவை வேறு பொய். அவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் அவளுக்கு மேலே போனார்கள், அவள் அளக்கிற வெர்னியரோடு அதே மேஜையில் இருந்தாள். ஷாப்பில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மொய் எழுதுகிற முதல் ஆள் அவள்தான். எழுதினது திரும்பி வர வேண்டுமானால் அவள் ஒரு பத்திரிகை வைக்க வேண்டும், அதற்கு வழியில்லை. அவர்களுக்குக் கல்யாண நாள் என்று ஒன்று இருந்தால் அது கிரைண்டர் வாங்கின நாள். மாசக் கடைசி, ஒரு புதன்கிழமை, இரண்டு பேரும் கையில் இருந்ததைப் போட்டு வாங்கி, ஆட்டோவில் இருவருக்கும் நடுவில் அதை வைத்துக் கொண்டுவந்து, அன்றைக்கே அரிசி ஊறப்போட்டு ஆட்டி, மறுநாள் காலை முதல் தோசையை ராஜாமணியம்மாளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் புதன்கிழமை எந்த வருடம் என்று ரெண்டு பேருக்குள் இன்னும் சண்டை. இப்படி ஒரு வாழ்க்கையை வாழ்ந்துவிட்டு, இல்லை என்று எழுதினால் சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாளே. இதில் என்ன இல்லை. வெட்கப்படுவதற்கு இதில் என்ன இருக்கிறது. நினைக்க நினைக்க முதுகு தானாக நிமிர்ந்தது. அடுத்த நிமிடமே உறைக்குள் இருக்கிற தாள் ஞாபகம் வந்து மறுபடி குனிந்தது.

மூன்று பேர். இப்போது பெஞ்சு பக்கத்தில் வந்துவிட்டது, பேசுவது காதில் விழுந்தது. மெஷின் ஷாப் பிரதீப்பின் மனைவி, சின்னப் பெண், வெகு நேரமாகப் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தவள், மாரீஸின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "அக்கா, உங்க வீட்டுக்காரரு எந்த டிபார்ட்மென்டுங்க?" என்று கேட்டாள். கோகிலா காதைத் தீட்டிக்கொண்டாள். அக்கா இங்கே வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவிடுவாள். அப்படித்தான் சொல்வாள், பழக்கம் யாரை விட்டது. வெளியே போனால் பத்தொன்பது வருடமாக அவளை அக்கா என்றுதான் மாரீஸ் கூப்பிடுகிறாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால்தான் பெயர், இல்லாவிட்டால் இந்தா, ஏய், கோபம் வந்தால் முழுப் பெயர். மாரீஸ் காலை இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டு, அவசரமே படாமல், "குவாலிட்டி" என்றாள். அந்தப் பெண், குவாலிட்டியா, அங்கெல்லாம் ரொம்பக் கண்டிப்பாமே, இவரு வந்து சொல்லுவாரு என்றாள். "வீட்லயும் அப்பிடித்தான்" என்றாள் மாரீஸ். "சட்னியில உப்பு ஒரு சிட்டிகை கூடுனாக் கூட ரிஜெக்ட்." இரண்டு பேரும் சிரித்தார்கள். கோகிலா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பொய் இல்லை, ஒரு அக்கா இல்லை. மேடைபோட்டுப் பேசவும் இல்லை. ஊரில் எல்லாப் பெண்டாட்டிகளும் சொல்கிற மாதிரி சலிப்பாக, செல்லமாக, போகிற போக்கில் சொல்லிவிட்டாள். இவளா அன்றைக்கு மாமா பொண்ணு என்று உளறினவள். எவ்வளவு தைரியசாலியோடு குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று கோகிலாவுக்குப் பெருமையாக இருந்தது, பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை, சென்னியப்பனைக் கூப்பிட்டு அதோ பாருங்க என்று காட்டலாமா என்று தோன்றுகிற பெருமை. அதற்குள் பிரதீப்பின் முறை வந்து, நாச்சிமுத்து வாசித்து, அந்தப் பெண்ணை ஜன்னலுக்குக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்து, சரி ஆகி, அவர்கள் கை கோத்துக்கொண்டு போய்விட்டார்கள். எவ்வளவு சுலபமாக முடிகிறது சில பேருக்கு.

"வாங்க மேடம்" என்றார் நாச்சிமுத்து. முன்னாலேயே அவள் படிவத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. அவள் உறையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மேலே தள்ளி முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்து, ஓரிடத்தில் விரல் வைத்தார். "இதுல சகோதரின்னு இருக்குதுங்களே. படிவத்துல துணைன்னு எழுதியிருக்கறீங்க. ரெண்டுல ஒண்ணு தப்புங்க மேடம். நான் எதையின்னு எடுத்துக்கறது?" பின்னால் சென்னியப்பன் இருமினார். அவருக்குப் பின்னால் இருபது பேராவது இருப்பார்கள். வேண்டாம், அடுத்த வருடம் வருகிறேன் என்ற வாக்கியம் முழுசாக, இலக்கணச் சுத்தமாக, நாக்கு நுனியில் இருந்தது. "தாள்ல இருக்கறது பொய்ங்க" என்றாள். சொன்ன பிறகு பயம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. "வாடகைக்கு வீடு கெடைக்கோணும்னு நாங்க சொன்ன பொய். கார்டுலயும் அதையே எழுத வெச்சுட்டோம். முகவரி நெசம், வருசம் நெசம். உறவு நான் படிவத்துல எழுதியிருக்கறதுதான்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல பீஸா இல்லையான்னு இத்தன வருசம் நான் சொன்னத நீங்கெல்லாம் நம்புனீங்க. இதையும் நம்புங்க." நாச்சிமுத்து புது விதி வந்த சுற்றறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு அவளைவிட நிதானமாக அதையும் படித்தார். ஒரு யுகம் ஆகிற மாதிரி இருந்தது. "இதுல கேக்கறது முகவரிச் சான்று மட்டுந்தானுங்க" என்றார் கடைசியில். "முகவரி சரியா இருக்குது. ஒறவு என்னன்னு நீங்கதான் சொல்லோணும், கார்டு சொல்லக் கூடாது." தாளை மடித்துப் படிவத்தோடு குத்தி வைத்தார். பிறகு பெஞ்சுப் பக்கம் பார்த்து, "அவிங்களையும் வரச் சொல்லுங்க" என்றார். கோகிலா கூப்பிடத் திரும்பினாள். மாரீஸ் ஏற்கெனவே எழுந்து, வலிக்கிற காலை மெதுவாக ஊன்றி வந்துகொண்டிருந்தாள், சேலை மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை.

மாரீஸ் வந்து பக்கத்தில் நின்றாள். நாச்சிமுத்து பதிவேட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பிக்கு அருகில் குனிந்து, தணிந்த குரலில், "வாசிக்காமக் கையெழுத்து வாங்க முடியாதுங் மேடம். உங்களுக்குச் சங்கடம்னா மெல்ல வாசிக்கறனுங்க, நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை வாங்கிக்கொள்வது எவ்வளவு எளிது. இத்தனை வருடம் அப்படி எத்தனை பேருடைய அன்பை வாங்கிக்கொண்டிருக்கிறாள். அக்கா தங்கச்சின்னே இருந்துக்குங்க, நீங்க நல்ல டீச்சர்தான், எல்லாம் தணிந்த குரல்கள், எல்லாம் நல்லதுக்குத்தான். அவள் மாரீஸைப் பார்த்தாள். மாரீஸ் புருவத்தை மட்டும் தூக்கினாள், எதுக்கு இம்புட்டு யோசிக்கிற என்கிற மாதிரி. "வேண்டாங்க" என்றாள் கோகிலா. "எல்லார்த்துக்கும் வாசிக்கற மாதிரியே வாசிங்க." அவர் ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வாசித்தார். "கோகிலவாணி, தர ஆய்வுப் பிரிவு. குடும்பம்: ஒருவர். மாரீஸ்வரி, வயது நாற்பத்து மூன்று. உறவு: துணை." முற்றம் முழுக்கக் கேட்டது. பின்னால் யாரும் உச்சுக்கொட்டவில்லை, யாரும் பேசவும் இல்லை, கேன்டீனில் யாரோ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பேசுவார்கள், மதியத்துக்குள் பேசுவார்கள், அது வரும்போது வரட்டும். தங்கள் இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்து, ஒரே மூச்சில், இன்னொரு மனிதர் வாயால் அவள் இதுவரை கேட்டதே இல்லை. எந்த மண்டபத்திலும் யாரும் வாசித்ததில்லை, எந்தப் பத்திரிகையிலும் யாரும் அச்சடித்ததில்லை. நாச்சிமுத்து பேனாவை நீட்டி, "சரிங்களா மேடம்?" என்று கேட்டார். கோகிலவாணி பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.